சிங்கப்பூர் சுற்றுலா: சலுகை அட்டை வாங்கும் முன் ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்லும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பல. மாதக்கணக்கில் சேர்த்த பணம், ரிங்கிட்டிலிருந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு மாறும்போதே சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ‘ஒரே அட்டையில் பல இடங்கள்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் யாருக்கும் ஆசை வரும்.

இத்தகைய அட்டைகளைப் பயணிகள் வாங்க மூன்று காரணங்கள் உண்டு. பணம் மிச்சமாகும் என்பது முதலாவது. ஒவ்வோர் இடத்திலும் நின்று டிக்கெட் வாங்கத் தேவையில்லை என்பது இரண்டாவது. எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு அட்டையின் பட்டியலே வழிகாட்டியாகிவிடுவது மூன்றாவது.

இடங்களுக்கான அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாள் கணக்கு. குறித்த நாள்களுக்குள் எத்தனை இடங்களுக்கு வேண்டுமானாலும் போகலாம். மற்றொன்று எண்ணிக்கைக் கணக்கு. மூன்று, நான்கு என இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நாள் கணக்கு அட்டை கையில் இருந்தால், ‘போட்ட பணத்தை எடுக்க வேண்டும்’ என்ற அவசரம் தொற்றிக்கொள்ளும். விலங்கியல் தோட்டத்தை நிதானமாகப் பார்க்கவே பெரும்பகுதி நாள் போய்விடும். அதே நாளில் இன்னும் இரண்டு இடங்களுக்கு ஓடினால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள்; பாட்டிக்குக் கால் வலிதான் மிஞ்சும். எண்ணிக்கைக் கணக்கிலோ, பிடித்த இடத்தை விட்டுவிட்டு டிக்கெட் விலை அதிகமான இடத்தையே மனம் தேடும்.

பயண அட்டையிலும் இதே கணக்குதான். சுற்றுப்பயணிகளுக்கான அட்டையில் எம்ஆர்டி ரயிலிலும் சாதாரணப் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆனால், வழக்கமான அட்டையில் கட்டினால் ஒரு பயணத்துக்குப் பெரும்பாலும் 3 வெள்ளிக்கும் குறைவே. ஒருநாள் அட்டை 17 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அன்று குறைந்தது ஏழு நீண்ட பயணமாவது செய்தால்தான் ஈடாகும். மாலையில் முதல்முறை பயன்படுத்தினாலும் அது ஒரு முழு நாளாகவே கணக்காகும். 0.9 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. அவர்களுக்கு அட்டை வாங்குவது வீண்.

அட்டையின் பட்டியலில் பெரும்பாலும் கட்டண இடங்களே இருக்கும். 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான பூமலைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. அங்குள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே டிக்கெட். கரையோரப் பூந்தோட்டத்தில் கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. வெளித்தோட்டமும் இரவு ஒளிக்காட்சியும் இலவசம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனையும் சீனிவாசப் பெருமாளையும் தரிசிக்க எந்த அட்டையும் தேவையில்லை.

காலை முதல் இரவு வரை சுற்றக்கூடிய இளையர்களுக்கு அட்டை ஆதாயம் தரலாம். முதியவர்களும் சிறுவர்களும் உள்ள குடும்பம், முதலில் உண்மையில் பார்க்க விரும்பும் இடங்களை எழுதிக்கொள்வது நல்லது. அவற்றின் தனித்தனி டிக்கெட் விலையைச் சிறுவர், மூத்தோர் கட்டணத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அட்டையின் விலை அந்தத் தொகைக்குக் குறைவாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணம் தேக்கா நிலையத்தில் குடும்பத்தோடு ஒருவேளை சாப்பிட உதவும்.