நாய்க்கு மெத்தை... தம்பிக்கு ஸ்டூல்?

எங்க சித்தி பையன் ஒருத்தன். திருவள்ளூர் பக்கம்தான் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு மில்லில் ரெண்டு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். விடியறதுக்கு முன்னால் கம்பெனி பஸ், நாள் முழுக்க உலைச் சூடு. கருவாடாகத் திரும்பி வருவான். கான்ட்ராக்ட் முடிந்ததும், செல்லப் பிராணிகளுக்குத் தீனி, சோப்பு, சங்கிலி எல்லாம் விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் கிளைக் கடையில் சேர்ந்துவிட்டான். (கடை பேர் வேண்டாம் ஸார், பையன் பிழைக்கணும்!) சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. ‘‘எம் புள்ளை இப்ப ஏசியில வேலை பார்க்குது!’’

போன மாசம் மீன் தீனி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். ஏசி ஜில்லென்றுதான் இருந்தது. நடுவே, விற்பனைக்கு வைத்த 3,200 ரூபாய் மெத்தையில், யாரோ கூட்டிவந்த லாப்ரடார் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நம்ம தம்பி. நின்றபடி! காலை 9.30-லிருந்து நிற்கிறானாம். அப்போது மணி மாலை 6.

‘‘கொஞ்சம் உட்காரேன்டா.’’

‘‘எதுல ண்ணா?’’ என்றவன், கண்ணாலேயே மேலே காட்டினான். கேமரா!

20 கிலோ தீனி மூட்டைகளை இறக்குவது, பறவைக் கூண்டு கழுவுவது, நாய்க்குக் குளியல், பூனைக்கு நகம் வெட்டல்... எல்லாம் அவன்தான். கையில் பூனை போட்ட கோலம் வேறு. சம்பளம் 14,000. அதில் இ.எஸ்.ஐ.க்கு இவன் பங்கு 0.75 சதவிகிதம், 105 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவிகிதம், 455 ரூபாய். (பி.காம். படித்த பாவத்துக்கு இந்தக் கணக்காவது வருகிறதே!) அந்த இ.எஸ்.ஐ. டாக்டர்தான் கெண்டைக்காலில் புடைத்திருக்கிற நரம்பைப் பார்த்துவிட்டு, ‘‘ரொம்ப நேரம் நிக்காதேப்பா’’ என்றாராம்.

காலேஜில் தொழிற்சட்டம் பேப்பரில் பார்டரில் பாஸானவன் நான். வீட்டுக்கு வந்து ஒழுங்காகப் படித்தேன். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது. சொன்னதும் தம்பி சிரித்தான். ‘‘ஆமாண்ணா, மில்லுல ஒரு துருப்பிடிச்ச பெஞ்ச் இருந்துச்சு!’’

கடைகளுக்கான நம் மாநிலச் சட்டம் அதற்கு ஒரு வருடம் மூத்தது. 1947! தினம் 8 மணி நேரம், வாரம் 48, நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவே ஒரு மணி ஓய்வு... எல்லாம் அதில் உண்டு. ஸ்டூல் மட்டும் இல்லை. அது வந்து சேர்ந்தது 2021-ல், 22-ஏ என்ற பிரிவாக.

கேரளா நம்மை முந்திக்கொண்டு 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அங்கே சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கேட்டது கழிப்பறை. நாற்காலி அப்புறம்தான்!

அதே 2018-ல் மத்திய அரசு செல்லப் பிராணிக் கடைகளுக்கும் விதி போட்டது. 8 வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. நல்ல விதி. தம்பி சேர்ந்த 8-வது நாளே ஸ்டாக் எடுக்க ராத்திரி 11 மணிவரை நிறுத்திவைத்தார்கள். குட்டியாகப் பிறந்திருக்கலாம்!

22-ஏ பிரிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ‘‘மேனேஜர்கிட்டே காட்டு.’’

‘‘காட்டினா உட்கார வெச்சுடுவாங்க ண்ணா... வீட்ல!’’

அப்படிச் செய்ய முடியாது என்று வீராப்பாக ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் வேலையைவிட்டு அனுப்பக் கூடாதுதான். 41-வது பிரிவு. ஆனால், தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவருக்குத்தான் அது. இவன் சேர்ந்து ஐந்து மாதம், 11 நாள்.

விரல்விட்டு எண்ணினான். ‘‘இன்னும் 19 நாள்தானே? நின்னுக்கறேன்.’’

பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கதவு திறந்து யாரோ ஒரு பொமரேனியனோடு நுழைந்தார்கள்.

‘‘வாங்க மேடம்... குட்டிக்கு என்ன வேணும்?’’