ஒரு துளி இரத்தமும் ஒரு கைபேசியும்

அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் வேலை செய்யும் தாய் இரத்தம் சோதிக்கப் பட்டணம் போனால், அன்றைய பேர் இல்லை. பெறுபேற்றுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னால், இன்னொரு பேரும் போகும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பாடு இதிலும் கடினம். ஓரிடத்தில் இரத்தம் கொடுத்தவர், பெறுபேறு வரும்போது வேறோர் ஊரில் இருப்பார். நோய் கண்டறியப்பட்டும் மருந்து அவரிடம் போய்ச் சேராது. ஆகவே எமக்கு வேண்டியது, போன இடத்திலேயே இருந்த இருப்பில் முடிவு சொல்லும் சோதனை.

ருவாண்டாவில் நடந்தது

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் சியா என்பவரின் குழுவினர் இதற்கென ஒரு சிறு கருவியைச் செய்தனர். ருவாண்டாவில் 96 பேரிடம் அதைச் சோதித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கைபேசியில் பாட்டுக் கேட்கும் வயரைச் சொருகும் துவாரத்தில் இதைச் சொருக வேண்டும். மின்சாரமும் கைபேசியிலிருந்தே கிடைக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை இட்டு, றப்பர் குமிழை அழுத்தினால், 15 நிமிடத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகிய இரண்டுக்கும் முடிவு திரையில் தெரியும். சுகாதார ஊழியர்கள் 30 நிமிடப் பயிற்சியில் இதைக் கற்றனர். கருவியைச் செய்ய ஆன செலவு 34 டொலர். ஆய்வுகூடத்தில் இதே வேலையைச் செய்யும் இயந்திரத்தின் விலையோ 18,450 டொலர்.

கவனிக்க வேண்டியவை

இக்கருவி நாளைக்கே எமது டிஸ்பென்சரிக்கு வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இன்றைய பல கைபேசிகளில் அந்தத் துவாரமே இல்லை. அச்சோதனையில் நோயில்லாத சிலருக்கும் நோய் உண்டெனக் காட்டியது. எனவே, 'உண்டு' என்று வந்தால் மறுசோதனை அவசியம். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. கைபேசியில் பதியும் முடிவு யார் கண்ணில் படும் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

சோதனை மட்டும் நோயைத் தீர்க்காது. கர்ப்பிணித் தாய்க்குச் சிபிலிஸ் இருந்தால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். காலத்தோடு கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசி தாயையும் பிள்ளையையும் காக்கும். இலங்கையில் அரசாங்கக் கிளினிக்குகள் கர்ப்பிணித் தாய்மாரை இலவசமாகச் சோதித்துச் சிகிச்சையும் அளித்ததால்தான், இவ்விரு நோய்களும் தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் எமது நாட்டை ஏற்றுக்கொண்டது.

நாம் செய்யக்கூடியது

புதுக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் மிட்வைப்பிடம் பதியுங்கள். இரத்தம் எடுக்கும்போதே, "முடிவு எப்போது, யாரிடம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். இடம் மாற நேர்ந்தால், முதலில் எடுக்கும் பொருட்களோடு கிளினிக் அட்டையையும் எடுங்கள். போய்ச் சேர்ந்த ஊரின் மிட்வைப்பிடம் அதைக் காட்டி, வராத பெறுபேற்றைக் கேட்டு வாங்குங்கள். இது சலுகையல்ல, எமது உரிமை.