சிரிக்காத கோமாளி

கந்தல் கோட்டும் நசுங்கிய தொப்பியுமாக அமெரிக்காவைச் சிரிக்க வைத்தவர் எம்மெட் கெல்லி. அவருடைய கோமாளி மட்டும் சிரிக்கவே மாட்டான்!

கான்சாஸ் மாநிலத்தின் செடான் என்ற சிற்றூரில் 1898ல் பிறந்தவர் கெல்லி. 1920களில், விளம்பரப் படம் தயாரிக்கும் நிறுவனத்தில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தபோது அவர் பேனாவில் உருவானவன் ‘வியரி வில்லி’. வேலைவெட்டி இல்லாமல் ஊர் ஊராக அலையும் நாடோடி. பிறகு சர்க்கஸில் பார் வித்தைக்காரராகச் சேர்ந்த கெல்லி, அதே நாடோடியாக வேஷம் கட்டவும் ஆசைப்பட்டார். வெள்ளை முகமும் பளிச்சென்ற உடையும்தான் கோமாளிக்கு அழகு என்றிருந்த காலம். அழுக்கு வேஷத்தை முதலாளிகள் ஏற்கவில்லை.

1929ல் பங்குச் சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு பிழைப்பு தேடிப் போனவர்கள் ஏராளம். வில்லியின் கந்தல் அப்போது எல்லோருக்கும் தெரிந்த கந்தலாகிவிட்டது. ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸில் அவன் நிரந்தரமாக இடம்பிடித்தான். 1942ல் புகழ்பெற்ற ரிங்ளிங் பிரதர்ஸ் கெல்லியை அழைத்துக்கொண்டது.

சிவந்த குமிழ் மூக்கு, மழிக்காத தாடி போலத் தீட்டிய கருமை, வாயைச் சுற்றி வெள்ளைப் பூச்சு, தொளதொளத்த கிழிசல் கோட்டு. இந்தக் கோலத்தில் அவர் குட்டிக்கரணம் போட்டதில்லை. தரையில் விழும் விளக்கு வெளிச்சத்தைத் துடைப்பத்தால் மும்முரமாகப் பெருக்குவார். அது நழுவி ஓடும், இவர் விடமாட்டார். ஒரு வேர்க்கடலையை உடைக்கச் சம்மட்டியைத் தூக்குவார். ஓங்கி அடித்தால் கடலையே மிஞ்சாது. கூட்டத்தில் ஒரு பெண்மணியை வெறித்துப் பார்த்தபடி முட்டைக்கோஸ் இலையைக் கடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை தோற்றாலும் முயற்சியை விடாதவனைப் பார்த்துத்தான் சனங்கள் சிரித்தார்கள்.

1944 ஜூலை 6 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் ரிங்ளிங் கூடாரம் தீப்பிடித்தது. மழைநீர் ஒழுகாமலிருக்க, பாரஃபின் மெழுகை பெட்ரோலில் கரைத்துப் பூசிய துணி அது. சில நிமிடங்களில் எரிந்து விழுந்தது. 160க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேஷத்தைக் கலைக்காமல் கெல்லி தண்ணீர் வாளியோடு ஓடும் புகைப்படம், அந்தத் துயரத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

1952ல் ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’ படத்திலும் வில்லியாகவே தோன்றினார். ரிங்ளிங்கை விட்டு விலகியதும், 1957ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி ரசிகர்களை மகிழ்விக்க அவரை அமர்த்திக்கொண்டது. அந்த அணிக்கு ரசிகர்களே செல்லமாக வைத்திருந்த பட்டப்பெயர் ‘நாடோடிகள்’. வில்லிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன!