கனிம ஒப்பனைக்கு மாறலாமா?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. ஆயினும் ஆண்டு விழா நெருங்கும்போது, அகத்தை மட்டும் நம்பி மேடை ஏற எங்களில் எவருக்கும் துணிவு வருவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நாடகத்தில் பன்னிருவர் நடித்தோம். வாடகைக்கு எடுத்து வந்த ஒரே வண்ணப் பெட்டி, ஒரே பஞ்சு. விழா முடிந்த மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தபோது அந்தப் பன்னிருவரில் நால்வரைக் காணவில்லை. முகம் சிவந்து, தடித்து, அரிப்புத் தாங்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டனர். பெற்றோர் வருந்தினர், எங்களுக்கும் நாடகம் நன்றாக நடந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது.

இவ்வாண்டு ஒத்திகை தொடங்கிய வாரத்தில் தோழி ஒருத்தி தன் அக்காளிடமிருந்து ஒரு சிறு வட்ட டப்பாவை வாங்கி வந்தாள். “இது மினரல் மேக்கப். மண்ணிலிருந்து கிடைப்பது. இரசாயனம் எதுவும் கிடையாது. யாருக்கும் ஒன்றும் செய்யாது” என்றாள். உடனே எல்லோரும் இதற்கே மாறிவிடலாம் என்று கூவினோம். விழாப் பொறுப்பாளரான சிஸ்டர் மட்டும் புன்னகையுடன், “உங்கள் அப்பா அம்மாவிடம் பணம் கேட்பதற்கு முன், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொண்டு வாருங்கள்” என்றார். அவ்வாறு நாங்கள் படித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறோம்.

கனிம ஒப்பனை என்றால் என்ன?

சாதாரண முகப்பூச்சில் நீர், எண்ணெய், மெழுகு, மணப்பொருள், கெடாமல் காக்கும் பொருள் ஆகியவை கலந்திருக்கும். கனிம ஒப்பனையில் இவற்றை நீக்கிவிட்டு, உலர்ந்த கனிமத் தூள்களையே பெரும்பாலும் கலக்கின்றனர். 1995-ஆம் ஆண்டு அமெரிக்க நிறுவனமான பேர் எசென்ஷியல்ஸ் ‘பேர் மினரல்ஸ்’ என்னும் தூளை விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சி விற்பனை மூலம் அது புகழ் பெற்றபின், பல நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றின.

அந்தத் தூளில் இருப்பவை நமக்கு அந்நியமானவை அல்ல. வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு. நம் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயிண்டிலும் இதுவே உள்ளது. தோலுக்கு இதம் தருவது துத்தநாக ஆக்சைடு. செம்மை, மஞ்சள், கருமை ஆகிய நிறங்களைத் தருபவை இரும்பு ஆக்சைடுகள். இவற்றுள் சிவப்பு நிறமுடையது, ஆணியில் பிடிக்கும் துருவின் இனத்தைச் சேர்ந்ததே. வேர்க்குருவுக்கு அம்மா தடவும் காலமைன் லோஷனை நினைத்துப் பாருங்கள். அது துத்தநாக ஆக்சைடும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் சேர்ந்ததே ஆகும். அதன் இளஞ்சிவப்பு நிறம் இரும்பினால் வந்தது. இவற்றோடு மினுமினுப்புக்காகச் சேர்ப்பது மைக்கா. நம் முன்னோர் இதற்கு இட்ட பெயர் காக்கைப்பொன்.

‘மண்ணிலிருந்து அப்படியே எடுத்தது’ என்பது மட்டும் உண்மையன்று. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடைக்கும் இலுமனைட்டில் டைட்டானியம் உண்டு. ஆனால் கருமணலை அள்ளி முகத்தில் பூச முடியுமா? கேரளத்தின் சவறா போன்ற இடங்களில் உள்ள ஆலைகளில் பல இரசாயன மாற்றங்களுக்குப் பிறகே அது வெள்ளைத் தூளாகிறது. இரும்பு ஆக்சைடுகளும் ஆலையில் செய்யப்படுபவையே. இயற்கைத் தாதுவில் ஈயம், ஆர்சனிக் முதலிய நச்சுகள் கலந்திருக்கலாம் என்பதால், அழகுப் பொருள்களில் செயற்கையாகத் தயாரித்த இரும்பு ஆக்சைடையே சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதிக்கிறது. ஆகவே ‘இரசாயனம் இல்லாதது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. “தண்ணீரும் இரசாயனம்தானே!” என்று எங்கள் வேதியியல் ஆசிரியை கூறியபோது நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டோம்.

கனிமம் என்றால் தீங்கற்றதா?

மேடை ஒப்பனைக்கு நாம் வழங்கும் ‘அரிதாரம்’ என்ற சொல்லே இதற்கு விடை கூறும். அரிதாரம் என்பது மஞ்சள் நிறமான ஒரு கனிமம். அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப்பொருள். கதகளிக் கலைஞர்கள் அரைத்துப் பூசிவந்த மனயோலையும் ஆர்சனிக் சேர்மமே. கண்ணுக்கு இடும் சுர்மாவில் ஈயக் கந்தகை இருந்து வந்துள்ளது. ஐரோப்பாவில் செல்வச் சீமாட்டியர் ஈய வெள்ளையைப் பூசி முகத்தை வெளுப்பாக்கினர். பேரழகியெனப் பெயர் பெற்ற கவென்ட்ரிப் பிரபுவின் மனைவி மரியா 1760-இல் இளவயதிலேயே இறந்தார். ஈயப் பூச்சே காரணம் என்பர். இவை அனைத்தும் கனிமங்கள்தாம்! இன்று இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள், நிறமூட்டுவதற்கு ஈயச் சேர்மங்களையும் ஆர்சனிக் சேர்மங்களையும் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. எனவே ‘கனிமம்’ என்ற சொல் ஒரு பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். அது நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லாது.

மாறுவதால் வரும் நன்மைகள்

முதலாவதாக, சேர்மானங்கள் குறைவு. ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகும் மணப்பொருள்கள் நல்ல கனிமத் தூளில் இருப்பதில்லை. உலர்ந்த தூளில் நீர் இல்லாமையால் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. ஆதலால் கெடாமல் காக்கும் பொருள்களின் தேவையும் குறைகிறது. சட்டெனச் சிவந்து அரிக்கும் தோல் உடையவர்களுக்கு இது பெரிய ஆறுதலாகும்.

இரண்டாவதாக, எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு இது ஏற்றது. பூச்சில் எண்ணெயும் மெழுகும் இல்லாததால் தோலின் நுண்துளைகள் அடைபடும் வாய்ப்புக் குறைகிறது. நம் வயதில் முகப்பருவை அறியாதவர் யார்?

மூன்றாவதாக, டைட்டானியம் டையாக்சைடும் துத்தநாக ஆக்சைடும் சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பவை. இவற்றுக்கு ஒவ்வாமை உண்டாவதும் அரிது.

மாறுவதால் வரும் தீமைகள்

நன்மையைக் கூறிய நாவால் குறையையும் கூறத்தானே வேண்டும்?

சில தூள்களில் முத்துப் போன்ற பளபளப்புக்காக பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சேர்க்கப்படுகிறது. சிலருக்கு இது அரிப்பை உண்டாக்கும். வியர்க்கும்போது அரிப்பு மிகும். நம் ஊர் வெயிலில் வியர்வைக்கா பஞ்சம்! அரிப்புக்கு அஞ்சி மாறியவர் மீண்டும் அரிப்பிலேயே போய் விழ நேரிடலாம்.

அடுத்து, வெயில் காப்பு. வெயில் தடுப்புப் பூச்சின் திறனைச் சோதிக்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிப் பார்க்கின்றனர். இதன்படி முகம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு கிராம் வேண்டும். ஒரு கிராம் தூளை எவரும் முகத்தில் அப்பிக்கொள்வதில்லை. அப்பினால் பொம்மலாட்டப் பாவை போலத்தான் இருப்போம். எனவே டப்பாவில் அச்சிட்டுள்ள எண்ணை நம்பி வெயிலில் நிற்பது தவறு. குடையே சிறந்த துணை.

மூன்றாவது குறை நம் நிறத்தைப் பற்றியது. வெண்ணிற ஆக்சைடுகள் மிகுந்த தூள், மாநிறத்தவர் மீதும் கறுத்த நிறத்தவர் மீதும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். கடைகளில் வெளிர்நிறங்கள் வரிசையாக இருக்க, நம் நிறத்துக்கு ஏற்றதைத் தேட வேண்டியுள்ளது. இது நம் தோலின் குறையன்று. தூளைக் கலந்தவர்களின் குறை.

நான்காவதாக, வறண்ட தோலில் தூள் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். தூரிகையால் தட்டும்போது தூள் காற்றில் பறக்கும். டைட்டானியம் டையாக்சைடு தூசியைச் சுவாசிப்பது மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006-இல் வகைப்படுத்தியது. எலிகள் மிகுதியான தூசியைச் சுவாசித்த ஆய்வுகளே இதற்கு அடிப்படை. தோலின்மீது பூசுவது பற்றியதன்று. ஆயினும் இழுப்பு நோய் உள்ளவர்கள் பறக்கும் தூளைத் தவிர்ப்பதே நன்று.

விலையும் அதிகம் என்பதைப் பெற்றோருக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை!

காக்கைப்பொன் வரும் வழி

இவ்வளவையும் எழுதி முடித்தபின், ‘மைக்கா எங்கிருந்து வருகிறது?’ என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு விடை தேடியபோதுதான் எங்கள் சிரிப்பு அடங்கிற்று.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களிலும் அவற்றையொட்டிய பீகார்ப் பகுதியிலும் மைக்கா மிகுதி. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு அங்கிருந்த சுரங்கங்கள் பல மூடப்பட்டன. ஆனால் கைவிடப்பட்ட குழிகளில் மைக்கா எடுப்பது நிற்கவில்லை. வறுமையால் குடும்பம் குடும்பமாகக் குழிகளில் இறங்கிச் சில்லுகளைப் பொறுக்குகின்றனர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தைகளும் அவர்களுள் உண்டு. 2016-ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் அங்குச் சென்று விசாரித்தபோது, இரண்டே மாதங்களில் குழந்தைகள் எழுவர் அக்குழிகளில் மாண்டது தெரிய வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று நம் அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவு கூறுகிறது. சமூகவியல் பாடத்தில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. மைக்கா வாங்கும் நிறுவனங்கள் பல சேர்ந்து, குழந்தை உழைப்பை ஒழிப்பதற்காக 2017-இல் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. சில நிறுவனங்கள் ஆலையில் செய்த செயற்கை மைக்காவுக்கு மாறிவிட்டன. ஆனால் எல்லோரும் மைக்கா வாங்குவதை ஒரே நாளில் நிறுத்திவிட்டால் அந்தக் குடும்பங்களின் அடுப்பு எரியாது என்றும் அங்குப் பணிபுரிவோர் கூறுகின்றனர். பெரியவருக்கு நியாயமான கூலியும் பிள்ளைக்குப் பள்ளியும் கிடைத்தால்தான் இது தீரும்.

டப்பாவைப் படிக்கும் முறை

சேர்மானங்களை டப்பாவின்மீது அச்சிட வேண்டும் என்பது விதி. பெயர் புரியாவிடினும் எண்ணைப் பாருங்கள். சி.ஐ. 77891 என்றால் டைட்டானியம் டையாக்சைடு, 77947 துத்தநாக ஆக்சைடு, 77491, 77492, 77499 முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், 77019 மைக்கா, 77163 பிஸ்மத் ஆக்சிகுளோரைடு. தோழி கொண்டுவந்த டப்பாவை இப்படிப் படித்தபோது அதில் 77163 இருந்தது! அதுமட்டுமன்று, நாம் அன்றாடம் பூசும் சாதாரண பவுடரை எடுத்துப் பார்த்தால் அதிலுள்ள டால்க்கும் ஒரு கனிமமே. ‘கனிம ஒப்பனை’ என்று அழைக்கச் சட்டம் எந்த இலக்கணமும் வகுக்கவில்லை. ஆதலால் டப்பாவின் முகப்பைவிட அதன் முதுகே நமக்கு முக்கியம்.

நாங்கள் கண்ட முடிவு

கூட்டத்தில் நிற்கும் ஒன்பது பேர் ஒப்பனையின்றியே மேடை ஏறுவது என முடிவு செய்தோம். முக்கிய வேடமேற்கும் மூவருக்கு மட்டும், பிஸ்மத் சேராத, செயற்கை மைக்கா உள்ள ஒரு சிறு டப்பா வாங்கினோம். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, மறுநாள்வரை பார்த்தபின்பே முகத்தில் பூசினோம். மூவருக்கும் தனித்தனித் தூரிகை. தூளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கொட்டியே எடுத்தோம். திரை விழுந்ததும் முகம் கழுவினோம். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடலாம் என்ற விளம்பரப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. மறுநாள் வகுப்பில் பன்னிருவரும் இருந்தோம்.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த பெருந்தவறு, ஒரே பஞ்சைப் பன்னிருவர் பகிர்ந்துகொண்டதாகும். எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கனிமத்தை வாங்கினாலும் அத்தவற்றை அது திருத்தாது. தோழியரே, மாறுவதில் தவறில்லை. எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்று அறிந்து மாறுங்கள். கன்னத்தில் மின்னும் சிறு துகளைக் கண்ணாடியில் காணும்போது, கோடர்மாக் குழியொன்றில் நம் வயதுடைய ஒருத்தியின் கைகளிலும் அதே துகள் ஒட்டியிருக்கலாம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அவளும் நம்மைப்போல் வகுப்பறையில் அமரும் நாள் வரவேண்டும்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்