படுக்கையும் ஒரு பிணியே

காய்ச்சல் கண்டவுடன் பாயை விரித்துப் படுத்துக்கொள்வது மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். இளம் வயதினர் இரண்டு நாள் படுத்து எழுந்தால் அதனால் பெருந்தீங்கு எதுவும் விளைவதில்லை. எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் விஷயம் வேறு. நிமோனியாவுக்காக அவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார், பத்து நாட்களில் காய்ச்சல் நீங்குகிறது, நுரையீரலும் தெளிவடைகிறது. சிகிச்சை வெற்றி பெற்றதாகவே ஏட்டில் குறிக்கப்படுகிறது. ஆயினும், தம் காலால் நடந்து வந்தவர் இப்போது இருவர் தாங்கிப் பிடித்தாலன்றி எழுந்து நிற்க இயலாதவராக வீடு திரும்புகிறார். “வயதாகிவிட்டது, வேறென்ன செய்வது?” என்று வீட்டார் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். அவருடைய கால்களின் வலிமை குன்றியதற்கு வயது மட்டும் காரணமன்று. நோய் மட்டும் காரணமன்று. பத்து நாட்கள் எழாமல் கிடந்த படுக்கைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் தொகை 2011-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 கோடியாக இருந்தது. 2036-ஆம் ஆண்டில் இது 22 கோடியையும் கடந்துவிடும் என்று மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு கணித்துள்ளது. ஆகவே, முதியோரை எவ்விதம் பராமரிப்பது என்பது ஆஸ்பத்திரிகளும் முதியோர் இல்லங்களும் மட்டுமின்றி, ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

படுக்கை செய்யும் தீங்கு

உடலின் உறுப்புகள் பயன்படுத்தப்படும் அளவுக்கே தம் வலிமையைக் காத்துக்கொள்கின்றன. நிற்கும்போது உடற்பாரத்தைத் தாங்குவதற்காகத் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. படுத்தவுடன் அவ்வேலை நின்றுபோகிறது. தசைகள் விரைவில் மெலியத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உடல்நலமுள்ள முதியோர் சிலர் தாமாக முன்வந்து பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தனர். அச்சிறு காலத்திற்குள் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோகிராம் தசை குறைந்துவிட்டது. நோயில்லாதவர்களின் கதியே இதுவாயின், காய்ச்சலால் உணவு செல்லாமல் கிடப்பவரின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

தீங்கு தசையோடு நிற்பதில்லை. எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கிவிடாமல் மூளைக்குச் செல்லும்படி இரத்தக் குழாய்கள் தம்மைச் சுருக்கிக்கொள்கின்றன. பல நாட்கள் படுத்திருப்பவரிடம் இவ்வேற்பாடு தளர்ந்துபோகிறது. ஆகவே எழுந்தவுடன் கண் இருண்டு விழ நேரிடுகிறது. மல்லாந்து கிடப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை; சளி தேங்கிக் கிருமிகளுக்கு இடமளிக்கிறது. கால் நரம்புகளில் இரத்தம் உறையலாம். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுகிறது, மலச்சிக்கல் உண்டாகிறது. பகலும் இரவும் ஒன்றாகத் தோன்றும் அறையில், மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் இன்றிக் கிடக்கும் முதியவர் இடம் காலம் அறியாமல் பிதற்றவும் கூடும்.

இவற்றையெல்லாம் தொகுத்து, படுக்கைக்குச் செல்வதில் உள்ள அபாயங்களை 1947-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கிலேய வைத்தியர் ஒரு மருத்துவ இதழில் எடுத்துரைத்தார். எலும்பு முறிவு, கடுமையான இரத்தப்போக்கு போன்ற நிலைகளில் வைத்தியரின் ஆணைப்படி படுத்திருத்தல் அவசியமே. காரணமும் கெடுவும் இன்றி நீளும் படுக்கையே தீங்கானது.

ஒரு பெண் வைத்தியரின் அனுபவம்

முதியோர் மருத்துவம் என்னும் துறைக்கு 1909-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் நியூயார்க் நகரில் பணியாற்றிய இக்னாட்ஸ் நாஷர் என்பவர். ஆனால், அத்துறைக்கு நடைமுறையில் உருவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் மார்ஜரி வாரன் அம்மையார் ஆவார். லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி 1935-ஆம் ஆண்டில், தன் அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிப் பகுதியைத் தன் பொறுப்பில் ஏற்றது. அங்கே நூற்றுக்கணக்கான முதியோர், இனிக் குணமாகார் என்று முடிவு செய்யப்பட்டுப் பல காலமாகப் படுக்கையில் கிடந்தனர். என்ன நோய் என்பதையே பலர் விஷயத்தில் எவரும் ஆராய்ந்திருக்கவில்லை.

வாரன் அம்மையார் முதலில் செய்த காரியம், ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, அவரவர் நிலைக்கேற்ப வகைப்படுத்தியதாகும். பின்னர், இயன்றவர்களையெல்லாம் எழுந்து உட்காரவும், நிற்கவும், நடக்கவும் பழக்கினார். இருளடைந்த வார்டுகளுக்கு நல்ல வெளிச்சமும் வெளிர் நிறச் சாயமும் வந்தன. பக்கவாதத்தால் படுத்தவர்கள் பலர் மீண்டும் நடந்தனர். வீடு திரும்பியவர்களும் உண்டு. 1943, 1946 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பிரிட்டிஷ் வைத்திய உலகின் கவனத்தைத் திருப்பின. அங்கு 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின் முதியோர் மருத்துவம் தனித் துறையாக வளர்வதற்கு அவருடைய பணியே அடிகோலியது.

பிற்கால ஆராய்ச்சிகளும் இதனை உறுதிப்படுத்தின. 1990-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர விஞ்ஞானிகள், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர் சிலருக்கு எட்டு வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய தொடைத் தசையின் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரில், ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 370 முதியோரிடம் நடத்தப்பெற்ற ஆராய்ச்சி 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் சேர்ந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்து வெளியேறினர். நாள்தோறும் தக்க பயிற்சியும் பெற்றவர்களோ நடப்பதிலும் அன்றாடக் காரியங்களிலும் தேறியே வெளியேறினர்.

படுக்கைப் புண்

எழவே இயலாதவர் விஷயத்தில் முதலில் காக்க வேண்டியது தோலாகும். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கும் சதைக்கு இரத்தம் செல்வது தடைப்படுகிறது. சில மணி நேரம் இந்நிலை நீடித்தால் அச்சதை மடியத் தொடங்குகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் இப்புண் அதிகமாகக் காணப்படும். மூத்திரத்தாலும் வியர்வையாலும் நனைந்த தோல் மேலும் எளிதில் கெடும்.

ஒரு காலத்தில் சாராயம், சோப்பு, களிம்பு ஆகியவற்றைத் தடவித் தேய்ப்பதே இதற்குத் தடுப்பு எனக் கருதப்பட்டது. டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேய நர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை ஆராய்ந்து 1962-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பூச்சுகளைவிட, நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே பயன் தருகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. எவருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிவதற்கு ஓர் அளவுமுறையையும் அவர்கள் வகுத்தனர். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே 1 முதல் 4 வரை எண் இடப்படும். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவாயின் அபாயம் உண்டெனக் கொள்ளப்படும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும்.

வீட்டில் பராமரிப்போர் பின்வருவனவற்றை நினைவில் வைக்கலாம். இரண்டு மணி நேரத்திற்கொரு முறை இடம், வலம் என மாற்றிப் படுக்கவைத்தல் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் முறையாகும். முழுப் பக்கவாட்டில் அல்லாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்துப் படுக்கவைப்பது நலம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் செய்ய வேண்டும். நோயாளியை இழுக்கக் கூடாது. விரிப்போடு இருவர் தூக்கி நகர்த்த வேண்டும். நடுவில் துளையுள்ள காற்று வளையங்களைப் பலர் வாங்குகின்றனர்; அவை வளையத்தின் விளிம்பில் அழுத்தத்தை மிகுவித்துத் தீங்கு செய்யும். காற்று மெத்தை உதவும். ஆயினும் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையை அது ஒழித்துவிடாது.

மற்றொரு விஷயம் நம் நாட்டவர் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பே புண்ணின் முதல் அடையாளம் என்று நூல்கள் கூறுகின்றன. கருமையான தோலில் இச்சிவப்பு எளிதில் தெரிவதில்லை. ஆகவே கண்ணால் பார்ப்பதுடன் நில்லாமல் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, வலியுடனோ இருந்தால் உடனே அவ்விடத்தின் அழுத்தத்தை நீக்கி, வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது.

புண் வராமலிருக்கவும் தசை வளரவும் உணவு வேண்டும். முதியோர் நாள்தோறும் தம் உடல் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் உண்பது நல்லதென்று நிபுணர்கள் கருதுகின்றனர். கஞ்சியும் ரொட்டியும் மட்டும் இதனைத் தாரா. பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைச் சேர்க்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

விழுந்துவிடுவாரோ என்னும் அச்சம்

இவ்வளவும் அறிந்த பின்னரும் முதியோர் படுக்கையிலேயே வைக்கப்படுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. எழுந்தால் விழுவார், விழுந்தால் எலும்பு முறியும், பழி பராமரித்தவர்மேல் வரும் என்னும் அச்சமே அது. ஓர் ஆயா இருபது பேரைக் கவனிக்கும் இல்லத்தில் இவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிட இயலாது. ஆயினும், படுக்கையில் இருத்துவதால் கால்கள் மேலும் தளர்கின்றன. பின்னர் ஒரு நாள் எவரும் காணாதபோது அவர் எழ முயன்று விழுகிறார். கட்டிலின் பக்கக் கம்பிகளை ஏறிக் கடக்க முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். கட்டிவைப்பதோ மனத்தையும் உடலையும் ஒருங்கே வருத்துகிறது.

அச்சத்திற்கு மாற்று, ஏற்பாடுகளைத் திருத்துவதேயாகும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் உயரமுள்ள கட்டில், கையுள்ள உறுதியான நாற்காலி, கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ஈரமில்லாத தரை, இரவில் சிறு விளக்கு, நழுவாத செருப்பு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தூக்க மருந்துகளும் தலைசுற்றலை உண்டாக்கும் மருந்துகளும் தேவைதானா என்று வைத்தியர் அவ்வப்போது ஆராய வேண்டும். கழிவறைக்குக் குறித்த நேரங்களில் துணையுடன் அழைத்துச் செல்வதால், அவசரத்தில் தனியே எழுந்து விழுவது குறைகிறது. படுக்கை நனைவதும் குறைகிறது.

மனத்தின் பங்கு

எழுந்திருக்க வலிமை மட்டும் போதாது. எழுந்து செல்ல ஒரு காரணமும் வேண்டும். 1976-ஆம் ஆண்டில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலறிஞர்கள் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் ஒரு சிறு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினரிடம், தம் காரியங்களைத் தாமே முடிவு செய்யலாம் என்று கூறி, வளர்ப்பதற்கு ஒரு செடியும் கொடுத்தனர். மற்றொரு பிரிவினரிடம், எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வர் என்று கூறினர். அவர்களுடைய செடிக்கும் நர்ஸ்களே நீர் ஊற்றினர். மூன்று வாரங்களுக்குப் பின் முதற் பிரிவினர் அதிகச் சுறுசுறுப்புடனும் மகிழ்ச்சியுடனும் காணப்பட்டனர். எப்போது குளிப்பது, எங்கே உட்காருவது என்பனபோன்ற சிறு முடிவுகளையும் முதியவரிடமிருந்து பறித்துக்கொள்வது அன்பாகத் தோன்றினும், அவரை மேலும் படுக்கையிலேயே ஆழ்த்துகிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் முதியோர்க்கென ஆஸ்பத்திரித் துறை 1978-ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ. செ. நடராஜன் அவர்களின் முயற்சியால் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான பட்ட மேற்படிப்பு 1996-இல் ஏற்பட்டது. 1993-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தோன்றிய வலித்தணிப்பு இயக்கம், படுக்கையில் உள்ளோரை அவரவர் வீட்டிற்கே சென்று கவனிக்கும் முறையைக் கேரளமெங்கும் பரப்பியது. அண்டை வீட்டாரே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகப் பணியாற்றுவது இதன் சிறப்பு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைப்பதற்கு அச்சட்டம் வழி செய்தது. 2010-11-இல் தொடங்கிய தேசிய முதியோர் சுகாதாரத் திட்டம், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பத்துப் படுக்கை கொண்ட முதியோர் வார்டையும் பிசியோதெரபிப் பிரிவையும் ஏற்படுத்த வகை செய்கிறது.

வார்டுகளும் இல்லங்களும் பெருகுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவற்றின் சிறப்பைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. நோயாளியின் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் குறிக்கும் ஏட்டில், “இன்று எத்தனை முறை எழுந்தார், எவ்வளவு தூரம் நடந்தார்” என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுமாயின், அந்த ஒரு வரி பல முதியோரை மீண்டும் தம் வீட்டு வாயிற்படியைத் தாமே தாண்டச் செய்யும்.