இந்த ஆண்டாவது கோப்பை வருமா?

கனடாவின் டொரான்டோ நகரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பேருந்திலும் காபிக் கடையிலும் ஒரே பேச்சுதான்: இந்த ஆண்டாவது மேப்பிள் லீஃப்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வெல்லுமா? ஐஸ் ஹாக்கியின் என்.எச்.எல். தொடர் அடுத்த சில வாரங்களில் தொடங்கும். அதற்குள் ஆளுக்கொரு கணிப்பு தயாராகிவிடும்.

லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1967 மே 2 அன்று. எதிரணி மான்ட்ரியல். ஆட்டம் முடிய 47 விநாடிகள் இருந்தபோது, காப்பாளர் இல்லாத வலைக்குள் ரப்பர் வட்டைத் தள்ளி 3–1 என்று ஆட்டத்தை முடித்தார் கேப்டன் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங். அன்றைக்கு லீக்கில் 6 அணிகள்தான். இன்று 32.

அப்படியும் ரசிகர்கள் நம்பிக்கை இழப்பதில்லை. அதை வெறும் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. அந்த மாதமே ஜோர்டான் பின்னிங்டன் என்ற 25 வயதுப் புதுமுகத்தைக் கோல் முன்னே நிறுத்தினார்கள். தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஜூன் 12 இரவு, பாஸ்டன் அணியை அதன் சொந்த ஊரிலேயே 4–1 என வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

அதனால்தான் ஒவ்வொரு செப்டம்பரிலும் டொரான்டோ ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி: இந்த முறை கோலில் நிற்பது யார்?