ஓசூருக்கு மெட்ரோ வந்தாலும் பொம்மசந்திராவில் மாறித்தான் ஆகணுமா?

பாரூரில் இருந்து பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போக எத்தனை வண்டி மாறணும்? நேரடி பஸ் கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரியில் ஒன்று, ஓசூரில் ஒன்று. மெட்ரோவில் போக நினைத்தால் பொம்மசந்திராவில் இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்தான், ஆனால் அங்கே ரயில் நிலையமே கிடையாது.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை சுமார் 19 கி.மீ., 16 நிலையங்கள். சில்க் போர்டு நெரிசலை மேலேயே தாண்டிப் போய்விடலாம். ஓசூர்க்காரர்களுக்கு ஒரே குறை, அத்திப்பள்ளி எல்லைக்கு முன்பே தடம் முடிந்துவிடுகிறது.

அப்படியே ஓசூர் வரை நீட்டினால் என்ன? இங்கேதான் மின்சாரம் குறுக்கே வருகிறது. பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் இருந்து 750 வோல்ட் டி.சி. எடுக்கிறது. சென்னை மெட்ரோ நிறுவனம் ஓசூர் பாதைக்கு முன்வைத்தது, தலைக்கு மேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஏ.சி. இரண்டும் ஒத்துவராது என்றது பெங்களூரு மெட்ரோ நிறுவனம். லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் இரண்டிலும் ஓடுகின்றன, ஆனால் அதற்கென்றே செய்த ரயில்கள் அவை. அது இல்லையென்றால், மெட்ரோ வந்தாலும் பொம்மசந்திராவில் இறங்கி ஏறித்தான் ஆகணும்.

மாறுவது தப்பில்லை, எப்படி மாறுகிறோம் என்பதுதான் விஷயம். ஹாங்காங்கின் மோங் காக் நிலையத்தில் ஒரு ரயிலில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் நிற்கும் அடுத்த தட ரயிலில் ஏறிவிடலாம். நம்ம ஊர் உதாரணம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. பயணிகள் பட்ட பாடு தெரிந்ததுதான்.

காத்திருப்பும் ஒரு கணக்கு. நேரம் பார்க்காமல் வருகிறவர் சராசரியாக இரண்டு ரயிலுக்கு இடையிலான நேரத்தில் பாதியைக் காத்திருந்தே கழிப்பார். மஞ்சள் தடம் தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு ரயில். அதாவது பன்னிரண்டரை நிமிடம் சும்மா நிற்கணும். பிறகு ரயில்கள் கூடி இடைவெளி குறைந்தது. ஆனால் ஓசூர் பஸ் வரும் நேரத்தோடு ரயில் நேரத்தைப் பொருத்துவது இரண்டு மாநிலங்கள் பேசி முடிக்க வேண்டிய வேலை.

டிக்கெட்டும் அப்படியே. சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் ஒரே டிக்கெட்டில் கொண்டுவந்தது. ஓசூர் பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட், பொம்மசந்திராவில் மெட்ரோவுக்கு வேற டிக்கெட்.